வக்கீல் பதில்கள்: கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி வழக்குப் போட முடியாதா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பதினொரு மாதங்களுக்கு முன் என் மனைவிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும்) ஆபரேஷன் நடந்தது. மறுநாளிலிருந்தே வயிற்றுவலி, காய்ச்சல், வயிறு உப்பல். 'வாயுத் தொல்லைதான், நடந்தால் சரியாகிவிடும்' என்று சொல்லி நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் மஞ்சளான பிறகு வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். பித்தநாளம் வெட்டுப்பட்டு, வயிற்றுக்குள் பித்தநீர் தேங்கியிருப்பதாகச் சொல்லி, பெரிய ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். முதல் மருத்துவமனையில் கேட்டால், 'இது யாருக்கும் வரக்கூடியது, நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்கிறார்கள். கேஸ் ஷீட்டும் (சிகிச்சைப் பதிவேடு) தர மறுக்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா? ஒரு வக்கீல், 'முன்பணம் வேண்டாம், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள்' என்கிறார். சம்மதிக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதல் மருத்துவமனைக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. கசப்பாக இருந்தாலும் அதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் எடுத்து வைப்பார். பித்தப்பை ஆபரேஷனில் பித்தநாளம் காயப்படுவது மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிற சிக்கல். கைதேர்ந்த சர்ஜனுக்கும் அரிதாக நேர்ந்துவிடும். 'வெட்டுப்பட்டது, ஆகவே கவனக்குறைவு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்கள் புகார் நிற்பது கஷ்டம்.

உங்கள் வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அது அந்த நான்கு நாட்கள். வலி, காய்ச்சல், உப்பல் என்று உங்கள் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தபோது ஒரு ஸ்கேன் எடுத்தார்களா? ரத்தத்தில் பிலிருபின் (கூடினால் கண்ணை மஞ்சளாக்கும் நிறமி) பார்த்தார்களா? வயிற்றிலிருந்து திரவம் வடிய டியூப் வைத்திருந்தால் அதில் வந்த திரவத்தின் நிறத்தை யாராவது குறித்தார்களா? சர்ஜன் எத்தனை முறை வந்து பார்த்தார்? சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதுதான் நீதிமன்றம் வைக்கும் அளவுகோல். காயம் பட்டதற்கு அவர்களிடம் ஒரு விளக்கம் இருக்கலாம். அறிகுறிகளோடு வீட்டுக்கு அனுப்பியதற்கு விளக்கம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

இதற்கெல்லாம் பதில் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. குறிப்பாக நர்ஸ்கள் எழுதும் சார்ட்டில். டாக்டர்களின் குறிப்பு இரண்டு வரியில் முடிந்துவிடும். நைட் டியூட்டி நர்ஸ்தான் 'வலி என்கிறார், டாக்டருக்குச் சொல்லப்பட்டது' என்று நேரத்தோடு எழுதி வைத்திருப்பார். பல வழக்குகளைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு வரிதான். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். உங்கள் மனைவியின் கையெழுத்தோடு, சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். உள்நோயாளி பதிவுகளை அவர்கள் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அப்படியும் தரவில்லை என்றால், அந்த மறுப்பே நுகர்வோர் ஆணையத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசும்.

இரண்டாவது ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், 'முதல் டாக்டர் தப்பு செய்தார் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டுவிடாதீர்கள். எழுத மாட்டார். சக மருத்துவருக்கு எதிராகப் பேச அவர்களுக்குள்ள தயக்கம் ஊரறிந்தது. அதற்குப் பதில், வயிற்றைத் திறந்தபோது அவர் கண்டது என்ன, பித்தநாளம் எந்த இடத்தில் எப்படி இருந்தது, எவ்வளவு பித்தநீர் எடுத்தார் என்பதை ஆபரேஷன் குறிப்பில் உள்ளபடி முழுமையாகத் தரச் சொல்லுங்கள். அது போதும். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்த வழக்கு மாதிரி பார்த்த மாத்திரத்தில் தெரிகிற தவறில்லை உங்களுடையது. நிபுணர் கருத்து தேவைப்படும்.

கையெழுத்துக்கு வருவோம். ஒப்புதல் படிவம் என்பது ஆபரேஷன் செய்ய அனுமதி. கவனக்குறைவாக நடந்துகொள்ள அனுமதி இல்லை. எந்தச் சிகிச்சைக்கு, என்ன ஆபத்து என்று விளக்கி வாங்கிய ஒப்புதல்தான் செல்லும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அச்சடித்த தாளில் அவசரமாக வாங்கிய கையெழுத்தைக் காட்டி உங்களை வாயடைக்க முடியாது.

போலீஸ்? என் யோசனை, வேண்டாம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்கு நடத்த மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும், நடவடிக்கைக்கு முன் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று சொன்னது. உங்கள் விஷயம் அந்த அளவைத் தொடுவது கடினம். மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். டாக்டரின் பதிவை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே தீர்ப்பு இருக்கிறது. 2019-இல் புதுச் சட்டம் வந்தபோது மருத்துவர்கள் தப்பிவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணமே இல்லை. டாக்டர், மருத்துவமனை இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். கெடு 2 ஆண்டுகள். பதினொரு மாதம் போய்விட்டது. 'பேசித் தீர்க்கலாம்' என்று அவர்கள் இழுத்தடித்தால் அந்தக் கெடு நின்று காத்திருக்காது.

மூன்றில் ஒரு பங்கு கேட்கும் வக்கீலை விட்டு விலகுங்கள். வழக்கின் பலனில் பங்கு பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. தெரிந்தே அதை மீறுகிறவர் உங்களிடம் வேறு எதில் நேர்மையாக இருப்பார்? பணம்தான் கவலை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பாதிக்கப்பட்டவர் உங்கள் மனைவி. அவர் பெயரில் மனு போடுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். போகும்போது இரண்டு மருத்துவமனைகளின் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ஃபிலிம், அப்புறம் நீங்கள் அனுப்பிய ஸ்பீட் போஸ்ட்டின் ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.