சிறையில் இருக்கும் பெண்களின் மனநலத்துக்கு வெளியே இருக்கும் நாம் எப்படி உதவலாம்?

யோகா வகுப்பு, தியான முகாம், ஊக்கமூட்டும் சொற்பொழிவு எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உள்ளே இருக்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது சேதி. பிள்ளை யாரிடம் இருக்கிறது, பள்ளிக்குப் போகிறதா, அடுத்த வாய்தா எப்போது, ஜாமீன் மனு என்ன ஆயிற்று. இவை தெரியாதவரை எந்த ஆலோசனையும் காதில் ஏறாது.

பெண்கள் சிறைக்குத் தன்னார்வ ஆலோசகராகப் போய்வருகிறவள் நான். என்னிடம் வருகிறவர்களில் வழக்கைப் பற்றி முதலில் பேசுகிறவர்கள் குறைவு; பிள்ளைகளில்தான் பேச்சு தொடங்கும். ஆண் சிறைக்குப் போனால் பெரும்பாலும் மனைவியோ தாயோ வீட்டைத் தாங்கிக்கொள்கிறாள். பெண் போனால் பல வீடுகள் கலைந்தேவிடுகின்றன: ஒரு பிள்ளை பாட்டியிடம், இன்னொன்று சித்தியிடம், சில சமயம் விடுதியில். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவப் பிரிவில் நிற்கிற பெண்ணைக் கொஞ்சம் விசாரித்தால், பிள்ளையின் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருக்கும். அவளுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது சுலபம். ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஏற்பாடு செய்யத்தான் ஆள் கிடைப்பதில்லை.

2022-இல் வெளியான உலகக் கணக்கின்படி சிறைகளில் இருக்கும் பெண்களும் சிறுமியரும் 7.4 லட்சத்துக்கு மேல்; மொத்தச் சிறைவாசிகளில் இது 7 சதவீதம்கூட இல்லை. இந்தக் குறைந்த எண்ணிக்கையே அவர்களுக்குப் பகை. பெண்களுக்கான சிறைகள் ஒருசில இடங்களில் மட்டும் இருப்பதால் வீடு வெகுதூரமாகிவிடுகிறது, பார்க்க வருகிறவர்களும் மெல்ல மெல்ல நின்றுபோகிறார்கள். மற்றபடி கட்டடம், விதி, சோதனை முறை எல்லாமே ஆண்களை மனதில் வைத்து உருவானவை.

பெண் சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐநா பொதுச்சபை 2010-இல் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 70தான். பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் தர வேண்டும், அதற்காகக் காவலைக்கூட நியாயமான காலத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்கிறது 2ஆம் விதி. பிள்ளைகளைப் பார்க்கவிடாமல் செய்வதை ஒரு தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 23ஆம் விதி. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் கைக்குழந்தையோடு இருப்பவர்களையும் தண்டனையாகத் தனிக்கொட்டடியில் அடைக்கக் கூடாது என்பது 22ஆம் விதி. இவற்றுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. ஆனாலும் அதிகாரியிடம் கண்ணீரோடு கெஞ்சுவதற்கும் விதி எண்ணைச் சொல்லிக் கேட்பதற்கும் பதில் வேறு வேறாகத்தான் வருகிறது.

அடுத்தது, பேச்சு. உள்ளே இருக்கும் பெண்களில் பலர் சிறைக்கு வருமுன்பே வீட்டில் அடியும் பாலியல் வன்முறையும் அனுபவித்தவர்கள். அப்படிப்பட்டவளுக்கு உடைகளைக் களைந்து சோதிப்பது என்பது பழைய கொடுமை திரும்ப நடப்பதுதான். சோதனை முடிந்த நாளில் அவள் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், திமிர் என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் ஆலோசகராகப் போனால், எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை நிர்வாகத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நடந்த வன்முறையை விவரமாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நீங்கள் அரைமணியில் கிளம்பிவிடுவீர்கள். கிளறிவிட்டதோடு இரவு முழுக்கப் பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் கிடக்கப்போகிறவள் அவள்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பெண்கள் சிறைகளில் அதிகம். 'கவனம் கிடைக்கவேண்டும் என்று செய்கிறாள்' என்று சலித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரி, கவனம் தேவைப்படுகிறது என்றே வையுங்கள், கொடுத்தால் என்ன? தண்டனையாகத் தனியே அடைத்தால் இன்னும் மோசமாகும். இங்கிலாந்தில் ஸ்டையல் சிறையில் 2002-03இல் ஓராண்டுக்குள் ஆறு பெண்கள் இறந்தார்கள். அதையடுத்து நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஜீன் கார்ஸ்டன் அம்மையார் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 2007-இல் வந்தது. பெரிய சிறைகளுக்குப் பதில் ஊருக்கு அருகில் சிறிய காவல் இல்லங்கள் வேண்டும், பொதுமக்களுக்கு ஆபத்தில்லாத பெண்களைச் சிறைக்கு அனுப்புவதையே குறைக்க வேண்டும் என்று சொன்ன அறிக்கை அது. பேசிய அளவுக்கு நடக்கவில்லை என்பது வேறு கதை.

முதல் இரவு, ஜாமீன் மறுக்கப்பட்ட நாள், தீர்ப்பு நாள், விவாகரத்துக் கடிதம் வந்த நாள், உள்ளேயே வளர்ந்த குழந்தையை வெளியே ஒப்படைத்த நாள்: இந்த நாட்களில் ஒரு கண் கூடுதலாக வேண்டும். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவளைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். பணியில் இருக்கும் காவலருக்கும் மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள், சொல்லப்போகிறேன் என்பதை அவளிடமும் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு: கடிதம் எழுதுங்கள். பெரிய ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம்; சின்னவள் பல் விழுந்தது, பெரியவன் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கினான் போன்றவை போதும். தாய் என்கிற இடம் அவளுக்கு இன்னும் இருக்கிறது என்பதை இவைதான் சொல்லும். கெட்ட செய்தியை மறைக்காதீர்கள், எப்படியும் இன்னொருவர் வாயிலாகத் தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் 'அம்மா வெளிநாட்டில் இருக்கிறாள்' என்று சொல்வதும் நெடுநாள் ஓடாது. வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிடுங்கள், முடியாவிட்டால் முன்கூட்டியே தகவல் அனுப்புங்கள். காலையிலேயே தலைவாரி, நல்ல உடை உடுத்தித் தன் பெயரைக் கூப்பிடக் காத்திருப்பாள்.

அவள் ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவளாக இருந்தால் மருந்துச் சீட்டின் நகலைக் கைதான நாளிலேயே சிறை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். மருந்து திடீரென்று நின்றுபோவதால் வரும் குழப்பத்தை ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம்.

தன்னார்வலர்களுக்கு ஒன்றுதான்: குற்றம் என்ன என்று கேட்காதீர்கள், வழக்கு முடிந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஆர்வம் வடிந்ததும் சொல்லாமல் நின்றுபோகாதீர்கள். ஒன்று என்று சொல்லி மூன்று சொல்லிவிட்டேன்.

விடுதலை நாளை நல்ல நாளாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான ஆண், பெண் இருபாலரையும் ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் இறக்கும் அபாயம் அம்மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12 மடங்குக்கும் மேல் இருந்தது. போதை மருந்து அளவு மீறியதே முதன்மைக் காரணம். உள்ளே இருந்த காலத்தில் போதை மருந்தைத் தாங்கும் உடலின் சக்தி குறைந்துவிடுகிறது; பழைய அளவே ஆபத்தாகிவிடும். ஆகவே வாசலில் யார் நிற்பார், அன்றிரவு எங்கே தங்குவாள், மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, அடுத்து எந்த மருத்துவரிடம் போகவேண்டும் என்பதையெல்லாம் சில வாரங்கள் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பிள்ளைகள் உடனே ஓடிவந்து கட்டிக்கொள்ளாமல் போகலாம், பழகச் சில மாதங்கள் ஆகும் என்பதையும் அவளிடம் அப்போதே சொல்லிவையுங்கள்.