சோதனையில் குறையில்லை, பேச்சு மட்டும் ஏன் புரிவதில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு பேர் சேர்ந்து பேசும் இடத்தில், எதிரே இருப்பவர் பேசுவது குரலாகக் கேட்கிறதே தவிர சொல்லாகப் புரிவதில்லை. காதைச் சோதித்தவர்கள் எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களோ நான் கவனிப்பதில்லை என்கிறார்கள். இது என் மனப்பிரமையா?

பதில்: மனப்பிரமை என்றோ கவனக்குறைவு என்றோ ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் அல்ல இது. அமைதியான அறையில் ஹெட்போன் வழியே ‘பீப்’ ஒலிகளைக் கேட்கச் செய்து, எவ்வளவு மெல்லிய ஒலி வரை உங்கள் காதுக்கு எட்டுகிறது என்றுதான் அந்தச் சோதனையில் அளந்திருப்பார்கள். அதில் தேறுவதற்குச் செவி நரம்பின் இழைகளில் ஒரு பகுதி நன்றாக இருந்தாலே போதும். பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுப்பது அதைவிடக் கடினமான வேலை.

இந்த வேறுபாட்டுக்கு அழுத்தமான சான்று தந்தவர்கள் பாஸ்டன் நகர ஆய்வாளர்களான ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள், ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றித் தரும் உள்வரிசை மயிர்செல்கள் காதுக்குச் சுமார் 3,500 உள்ளன. அவை ஒவ்வொன்றையும் பத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள், சினாப்ஸ் எனப்படும் நுண்ணிய இணைப்புகளின் வழியே தொட்டு நிற்கின்றன. இரைச்சல் முதலில் மயிர்செல்லைத்தான் அழிக்கும், நரம்பு அதற்குப் பிறகே தேயும் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 2009-இல் வெளியான ஆய்வில் இவ்விருவரும் சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். மறுநாள் மந்தமாகியிருந்த செவித்திறன் இரண்டு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. மயிர்செல்களும் அழியாமல் இருந்தன. பழைய கணக்குப்படி அந்தக் காதுகள் குணமாகிவிட்டன. ஆனால் அவர்கள் அதோடு விடாமல், சினாப்ஸின் இரு பக்கங்களும் தனித்தனி நிறத்தில் ஒளிரும்படி திசுவுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் அந்தப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தார்கள். உயர் சுருதிக்குரிய பகுதியில் ஏறத்தாழப் பாதி இணைப்புகள் போயிருந்தன. அவை மீளவில்லை என்பதோடு, அவற்றுக்குரிய நரம்பு செல்களும் பின்வந்த மாதங்களில் மெல்ல மடிந்தன. செவித்திறன் திரும்பிவிட்ட பின்னும் எண்ணிப் பார்க்கத் தோன்றியதே, அதைத்தான் இந்த ஆய்வின் உயிர் என்பேன்.

முதலில் அறுபடுபவை பெரும்பாலும் உரத்த ஒலிக்கு மட்டுமே விழித்தெழும் இழைகள் என்று 2013-இல் கினிப் பன்றிகளில் கண்டார்கள். மெல்லிய ஒலியைக் கொண்டு நடத்தும் சோதனையில் இந்த இழப்பு ஏன் அகப்படுவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

உயிரோடு இருக்கும் மனிதரின் காதுக்குள் சினாப்ஸை எண்ண வழியில்லை. இறந்தோரின் உட்செவியை ஆராய்ந்தவர்கள், வயது ஏற ஏற மயிர்செல்களைவிட நரம்பு இழைகள் அதிகமாகக் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுவேதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. செவித்திறன் நிபுணரிடம் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முடிவு எதுவானாலும், உங்கள் சிரமத்தை வீட்டாருக்குக் காட்ட ஓர் அளவாவது கையில் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் வேண்டிய குரலைப் பிரித்தெடுப்பது காதா, மூளையா?

பதில்: பிரித்தெடுப்பது மூளை; ஆனால் நரம்பு கொண்டுவந்து சேர்ப்பதிலிருந்துதான் அது பிரித்தெடுக்க முடியும். நீமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களை, ஒரே நேரத்தில் ஒலித்த இரு குரல்களில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். செவிப்புலப் பகுதியிலிருந்து பதிவான மின்குறிகைகளைக் கொண்டு ஒலியை மீட்டமைத்துப் பார்த்தபோது, கவனித்த குரல் தனியாக ஒலித்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ ஏறக்குறைய அப்படியே கிடைத்தது. கவனம் தவறி மற்றக் குரலுக்குப் போன வேளையில், மூளைப் பதிவில் மேலோங்கி நின்றதும் அந்த மற்றக் குரலே.