ஏர் ஃபில்டருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஐந்து வயது. 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெங்களூரில் அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளிக்குத் தினமும் ஆபீஸ் போய்வருகிறேன். போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது ‘ஃபில்டர் அடைத்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்’ என்று 900 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆன்லைனில் அதே காருக்கு 160 ரூபாய்க்கும் ஏர் ஃபில்டர் இருக்கிறது, 450-க்கும் இருக்கிறது. எதை வாங்குவது? நீட்டித்த வாரண்டி எடுத்திருக்கிறேன், வெளியில் வாங்கிப் போட்டால் அது போய்விடுமா?
(வாசகி, அல்சூர்)

பதில்: அந்த எஸ்டிமேட் தாளை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். ‘ஃபில்டர்’ என்று ஒற்றை வரியில் இருக்கிறதா, இரண்டு வரியாக இருக்கிறதா? காரில் காற்றுக்கென்று இரண்டு ஃபில்டர் உண்டு. பானெட்டுக்குள் இருப்பது இன்ஜினுக்கு. பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஏசிக்கு, அதாவது உங்கள் மூக்குக்கு. இரண்டையும் சேர்த்து 900 சொல்லியிருந்தால் அது ஒன்றும் அநியாயமில்லை. இன்ஜின் ஃபில்டர் ஒன்றுக்கு மட்டும் என்றால் பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஏனென்றால் அந்த வேலை ஐந்து நிமிட வேலை.

நீங்களே செய்து பார்க்கலாம். இன்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்தால் தடித்த கறுப்புக் குழாய் ஒன்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போய் முடியும். அந்தப் பெட்டியை மூடியிருப்பவை சில க்ளிப்புகள் அல்லது ஸ்க்ரூக்கள், அவ்வளவுதான். ஃபில்டரை வெளியே எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் காகித மடிப்புகள் சாம்பல் நிறத்தில் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அழுக்கைப் பிடிப்பதுதானே அதன் வேலை. சொல்லப்போனால் லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் புத்தம்புதியதை விட நன்றாகவே வடிகட்டும். பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. இருட்டாகவே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒரு சோதனை. பெட்டியில் ஃபில்டரைத் தாண்டி, இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் சரி. நறநறவென்று மண் ஒட்டினால் காற்று ஃபில்டருக்குள் போகாமல் ஓரமாக நழுவி உள்ளே போகிறது என்று அர்த்தம். அடைத்த ஃபில்டரை விட இது மோசம். அந்த மண் சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

31,000 கி.மீ. அதிகமா? பல பெட்ரோல் கார்களின் மேனுவலில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து பார், 40,000-ல் மாற்று என்றுதான் இருக்கும், கூடவே ‘தூசியான சாலையென்றால் இன்னும் சீக்கிரம்’ என்ற வரியும். உங்கள் ஆபீஸ் பக்கத்து அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோவுக்காக எத்தனை வருடமாகத் தோண்டினார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம்மூரில் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றவும் செய்யும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 10,000 கி.மீ. ஓட இன்ஜின் 550 மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 60-ல் போனால் 170 மணி நேரம்கூட ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 13 கி.மீ. என்று வைத்தால், உங்கள் கார் இதுவரை இரண்டு கோடி லிட்டருக்கு மேல் பெங்களூர்க் காற்றை இழுத்திருக்கிறது. சர்வீஸ்காரர்கள் சொன்னது பொய்யாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒன்று மட்டும். ‘மாற்றினால் மைலேஜ் கூடும்’ என்று சொல்லியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. இப்போதுள்ள கார்களில் வரும் காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். அடைத்த ஃபில்டரால் அடிபடுவது பிக்கப்தான்.

சரி, 160-ஆ 450-ஆ? சொந்த அனுபவம் ஒன்று. சில வருடம் முன்பு வழியில் ஒரு கடையில் ‘கம்பெனி மாதிரியேதான் சார்’ என்று கொடுத்த ஒன்றை என் காரில் போட்டேன். மடிப்பெல்லாம் அழகாகத்தான் இருந்தது. சுற்றியிருக்கும் ரப்பர் விளிம்பு மட்டும் ஒரு மூலையில் கொஞ்சம் மெலிசு. மூடியை அழுத்தினால் க்ளிப் மாட்டிக்கொண்டது, அதனால் சந்தேகம் வரவில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது அந்த மூலையிலிருந்து சுத்தப் பக்கத்துக்கு, அதாவது இன்ஜின் பக்கத்துக்கு, ஒரு தூசிக் கோடு, எறும்பு ஊர்ந்த பாதை போல. அன்றிலிருந்து ஃபில்டர் வாங்கும்போது காகிதத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

நீங்களும் விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள். நகத்தால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும், நான்கு பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். பழையதின் மேல் வைத்துப் பார்த்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மடிப்புகளை எண்ணுங்கள். பழையதை விடக் கணிசமாகக் குறைந்தால் காகிதத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். காகிதம் குறைந்தால் சீக்கிரம் அடைக்கும்.

பழைய ஃபில்டரையும் ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை ஜே.சி. ரோடு போய்வாருங்கள். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை இரண்டு பக்கமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்தான், பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, மாடல் மாறிய வருடத்துக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று இருக்கும். பழையதின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைக் காட்டுங்கள். கார் கம்பெனிகளும் பெரும்பாலும் ஃபில்டர் தயாரிப்பாளர்களிடம் செய்து வாங்கித் தங்கள் டப்பாவில் போட்டு விற்பவைதான். அதனால் பாஷ், மாலே, மான், ப்யூரோலேட்டர் போன்ற பெயர்களில் உங்கள் காருக்கென்றே வருவதைத் தாராளமாக வாங்கலாம். இவற்றுக்கும் போலி உண்டு. டப்பாவில் எம்ஆர்பி, தயாரித்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சட்டப்படி இருந்தாக வேண்டியவை.

வாரண்டி விஷயத்துக்கு வருகிறேன். உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததாக 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியில் வேலை பார்த்தாலே வாரண்டி முழுக்க ரத்து என்று மிரட்டுவதையும் அந்த உத்தரவு கண்டித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது தனிக் கதை. நடைமுறையில், வெளி ஃபில்டரால்தான் இன்ஜின் கெட்டது என்று அவர்கள் காட்டினால் அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடைக்காமல் போகலாம். நீட்டித்த வாரண்டி என்பது தனி ஒப்பந்தம், அதன் நிபந்தனைத் தாள் இன்னும் கறாராக இருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாரண்டி முடியும் வரை கம்பெனி டப்பாவில் வருவதையே கவுன்டரில் பில்லோடு வாங்கி, நானே மாட்டிக்கொள்வேன். ஒரிஜினலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது இருநூறோ முந்நூறோதான், அதற்காக வாரண்டியோடு விளையாட வேண்டாம். அந்த 160 ரூபாய் சரக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் மெக்கானிக் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஃபில்டரை ஏர் கன்னால் ஊதிப் போட்டுவிடுகிறார். நான்கு வருடமாக மாற்றவே இல்லை. இது சரியா?
(வாசகர், வில்சன் கார்டன்)

பதில்: காசை மிச்சப்படுத்தித் தருகிறார், நல்ல மனுஷன். ஆனால் பஞ்சர் கடையில் இருக்கிற அதே அழுத்தத்தில் மடிப்புக்குக் கிட்டே பிடித்து ஊதினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும், ரப்பரோடு காகிதம் ஒட்டியிருக்கும் இடமும் விட்டுப்போகும். அழுக்குப் பக்கத்திலிருந்து ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அவசரத்துக்கு, சுத்தப் பக்கத்திலிருந்து, தள்ளிப் பிடித்து, மெதுவாக ஒருமுறை ஊதலாம். தண்ணீரில் கழுவவே கூடாது. நான்கு வருடம் போதும், அடுத்த முறை புதிது போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கழுவிக் கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். விலை ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள்.
(வாசகர், ஃப்ரேசர் டவுன்)

பதில்: சத்தம் கொஞ்சம் கம்பீரமாகக் கேட்கும், மகனுக்கு அதுதான் வேண்டும் என்று நினைக்கிறேன். கழுவி, முழுக்கக் காயவைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும். எண்ணெய் கூடினால் சில கார்களில் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து கோளாறு வரும். தினமும் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கும் காருக்கு இது எதற்கு? அந்தப் பணத்துக்குப் பல வருடம் காகித ஃபில்டர் போடலாம்.

கேள்வி: என் காரின் மாடலைச் சொல்லித்தான் கடையில் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் ஃபில்டர் பெட்டிக்குள் உட்காரவில்லை. ‘விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார்கள். பில்லும் கொடுக்கவில்லை.
(வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: பில் கொடுக்காதது ஒரு தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. உங்களுடையது பழுதான பொருள் இல்லை, தவறான பொருள் என்று கடைக்காரர் வாதிடலாம். அதனால் முதலில் நயமாகப் பேசி, மாற்றித் தரச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதை விட மாற்றித் தருவதற்குக் கடைக்காரர்கள் சீக்கிரம் இறங்கிவருவார்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், தமிழிலும் பேசலாம். ஃபில்டரை மட்டும் வலுக்கட்டாயமாகப் பெட்டிக்குள் அழுத்திப் பார்க்காதீர்கள். விளிம்பில் தடம் விழுந்துவிட்டால் உபயோகித்த சரக்கு என்று சொல்லிவிடுவார்கள்.