‘நன்றி’, ‘தயவுசெய்து’ எல்லாம் வெறும் சம்பிரதாயமா?

அன்றாடப் பேச்சில் ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்று சொல்வதால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு சொற்களால் மட்டும் பெரிய பயன் இல்லை என்பேன். கடன் தவணைக்காகத் தொலைபேசியில் மிரட்டுபவர்கூட ‘தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி’ என்றுதான் வைக்கிறார்.

தமிழில் மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. நான் ஈரோடு பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். ‘ஏனுங்க’, ‘சரிங்க’ என்று எதிலும் ஒரு ‘ங்க’ ஒட்டாமல் எங்கள் பக்கத்துப் பேச்சு நகராது. கேட்ட மாத்திரை கைவசம் இல்லாதபோது ‘இல்லை’ என்று நிறுத்தினால் வந்தவர் முகம் சுருங்கிவிடும். ‘இல்லைங்களே, சாயங்காலம் வந்துவிடுங்க’ என்றால் அவரே மாலையில் மறுபடி வருவார். (வீட்டில் கதை வேறு. மனைவி திடீரென்று கூடுதலாக ஒரு ‘ங்க’ போட்டால் ஏதோ கோபம் என்று பொருள்.)

ஆனால் அந்த ‘ங்க’ யார்யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். என்னிடம் ‘ஒரு அட்டை கொடுங்க’ என்று கேட்கும் அதே வாய், பக்கத்தில் நிற்கும் வயதான தூய்மைப் பணியாளரிடம் ‘ஏய், தள்ளி நில்லு’ என்கிறது. அப்பா வயதுக்காரரைச் சிறுவன்கூட ஒருமையில் கூப்பிடும் வழக்கம் கிராமங்களில் சாதியோடு பிணைந்து வந்தது. இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. இதே ஈரோட்டில் 1879-இல் பிறந்த பெரியார், வயதில் மிக இளையவர்களையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் அழைத்தார். அதை வெறும் பண்பு என்று புகழ்ந்து கடந்துவிடுகிறோம். அதுவும் அவருடைய அரசியல்தான் என்பது என் எண்ணம்.

எனவே மேலதிகாரியிடம் ‘தயவுசெய்து’ சேர்க்கிறீர்களா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அதைப் பயம் பார்த்துக்கொள்ளும். பஸ் நடத்துநர், காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அம்மா, இவர்களிடம் உங்கள் வினைச்சொல் எப்படி முடிகிறது?

என் கடையில் வேலை செய்யும் பையனை நான் ‘வாங்க தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறேன். ‘இப்படிப் பேசினால் யார் முதலாளி என்று வருகிறவர்களுக்குக் குழப்பமாகிவிடுமே, மாப்பிள்ளை’ என்று மாமனார் கேலி செய்கிறார். ஆகட்டுமே.