குவெர்செட்டின் பீக் ரெண்டாவது ஸ்கேன்ல சுருங்குறது

வோல்டேஜை ஏத்தி இறக்கி கரண்ட்டை அளக்குறதுதான் ஸ்கேன், அதுல கரண்ட் உச்சத்துக்குப் போற இடம்தான் பீக். முதல் ஸ்கேன் பீக்கை மட்டும் கணக்குல எடுங்க, ஒவ்வொரு தடவையும் ஓட்டுறதுக்கு முன்னாடி எலக்ட்ரோடை திரும்ப பாலிஷ் பண்ணுங்க. கிளாஸி கார்பன் (கண்ணாடி மாதிரி வழவழப்பான கார்பன்) எலக்ட்ரோட்ல, தாவரப் பொருளான குவெர்செட்டினுக்கு ரெண்டாவது ஸ்கேன்லயே பீக் பாதியாயிடுது, பொட்டன்ஷியோஸ்டாட் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தி கரண்ட்டை அளக்குற மிஷின்) பழுதான்னு கேட்டிருக்கீங்க, மிஷின் மேல சந்தேகமே வேணாம்.

பெரும்பாலும் ஆக்சிடைஸ் ஆன (எலக்ட்ரானை இழந்த) பொருள் எலக்ட்ரோட் மேலயே படலமா ஒட்டிக்குது. நீங்க 1.2 வோல்ட் வரைக்கும் போறீங்க, அதான் இன்னும் மோசமாக்குது, முதல் பீக் குவெர்செட்டின் மூலக்கூறுல இருக்குற கேட்டகால் பகுதியோடது (வளையத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு OH இருக்குற இடம்), அது முடிஞ்சதுமே ஸ்கேனைத் திருப்பிடுங்க.

1. ஸ்கேன் முடிஞ்ச எலக்ட்ரோடை அலசிட்டு குவெர்செட்டின் போடாத வெறும் பஃபர்ல (பிஎச் மாறாம வச்சுக்கிற கரைசல்) ஓட்டிப் பாருங்க. பீக் வந்தா ஒட்டியிருக்குன்னு அர்த்தம்.

2. வரலைன்னாலும் சுத்தம்னு முடிவு பண்ணிடாதீங்க, படலம் சும்மா மறைச்சுக்கிட்டும் இருக்கலாம். எலக்ட்ரோடை சோதிக்க பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல ஃபெர்ரிசயனைடு போட்டு ஓட்டுங்க, போறப்பவும் திரும்புறப்பவும் வர்ற ரெண்டு பீக்குக்கும் நடுவுல இடைவெளி 60-80 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, நல்லா விரிஞ்சிருந்தா 0.05 மைக்ரான் அலுமினா பொடியால தேய்ச்சு சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வால கழுவுற கருவி) வைங்க.

ஒண்ணு கவனிங்க, பிஎச் 7க்கு மேல போனா குவெர்செட்டின் காத்துலயே தானா ஆக்சிடைஸ் ஆகும், கரைசல் பழசுன்னா எவ்வளவு தேய்ச்சாலும் பீக் குறையத்தான் செய்யும், அப்பப்போ புதுசா கலக்கிக்கோங்க.