ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் நன்றாக இருந்த பிள்ளை ஏழாம் வகுப்பில் தடுமாறுவது ஏன்?

கேள்வி கேட்டவரின் மகள் ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதே இல்லையாம். இப்போது ஏழாம் வகுப்பில் நாற்பதைத் தாண்டவில்லையாம். "இந்த வகுப்புகளில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வீட்டில் கணக்கு மட்டும் சொல்லித் தருகிறேன். பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் படித்திருக்கிறேன், பள்ளி எதிலும் வேலையில் இல்லை. இது டியூஷன் விளம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லப்போவதில்லை.

உங்கள் மகளுக்கு மூளை மழுங்கிவிடவில்லை. செல்போன்தான் காரணம் என்று இதற்குள் நாலு பேர் சொல்லியிருப்பார்கள், நீங்களும் அவளைத் திட்டியிருப்பீர்கள். அதை முதலில் நிறுத்துங்கள். ஐந்தாம் வகுப்பு வரை வருகிற கணக்கில் பெரும்பகுதி, கையால் எண்ணிச் சரிபார்த்துவிடக்கூடியது. ஆறாம் வகுப்பில் கணக்கின் சுபாவமே மாறிவிடுகிறது. நம் சமச்சீர்ப் புத்தகங்களையே புரட்டிப் பாருங்கள். ஆறில் விகிதம், விகிதசமம், பின்னம், முழுக்கள், எண்ணுக்குப் பதில் எழுத்து. ஏழில் நேர் விகிதம், எதிர் விகிதம், வட்டத்தின் சுற்றளவு, பரப்பளவு, சதவீதம், தனிவட்டி. எட்டில் விகிதமுறு எண்கள், வர்க்கமூலம், பிதாகரஸ் தேற்றம், கூட்டுவட்டி. தலைப்பு வேறு வேறாக இருந்தாலும் இதில் பாதிக்கு மேல் பின்னம்தான். சதவீதம் என்றால் கீழே நூறு இருக்கும் பின்னம். வட்டத்துக்குப் போடுகிற 22/7 பின்னம். விகிதமுறு எண் என்பதும் பின்னம்தான், குறை எண்களையும் சேர்த்துக்கொண்டது. பின்னம் உட்காராத பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிக்கல்தான்.

என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் ஏழாம் வகுப்பில்தான் வந்து சேர்ந்தாள். அப்பா கொத்தனார், அம்மா தையல். வாய்ப்பாடு பதினாறு வரை தண்ணீராகச் சொன்னாள். 1/2 + 1/3 எழுதிக் கொடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் 2/5 என்று எழுதி நீட்டினாள். மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு. தப்பு என்று சொல்லவில்லை. கட்டம் போட்ட நோட்டில் பத்துக் கட்டத்தை நீளமாகக் கோடு போட்டுக் கொடுத்து, "இதுல அரையைக் காட்டு, அஞ்சுல ரெண்டையும் காட்டு" என்றேன். அரைக்கு ஐந்து கட்டம் தீட்டினாள். ஐந்தில் இரண்டுக்கு நாலு கட்டம் தீட்டினாள். அப்புறம் பென்சிலை வைத்துவிட்டு அவளாகவே கேட்டாள்: "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிக்கா அரையை விடக் குறையும்?"

அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இப்போது அரையையும் மூன்றில் ஒன்றையும் ஒரே பட்டையில் காட்ட வேண்டும், எத்தனை கட்டம் எடுக்கலாம் என்று அவளையே கேட்டேன். நாலு எடுத்தாள், மூன்றாகப் பங்கு போட முடியவில்லை. மூன்று எடுத்தாள், பாதி போட முடியவில்லை. ஆறு எடுத்ததும் இரண்டுமே ஒழுங்காக விழுந்தன. அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம், மொத்தம் ஆறில் ஐந்து. மீச்சிறு பொது மடங்கு (இரண்டு எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடுகிற மிகச் சிறிய எண்) என்று ஆறாம் வகுப்பில் பக்கம் பக்கமாகப் போட்டாளே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் அது ஏணி மாதிரி கோடு போட்டு வகுத்துக்கொண்டே போகிற ஒரு தனி வேலை, அதற்கும் பின்னத்துக்கும் சம்பந்தம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பருவத்துக்குள் பாடத்தை முடித்தாக வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் அவர்கள். என் திண்ணையில் உட்காருவது ஏழெட்டுப் பிள்ளைகள். இரண்டும் ஒன்றல்ல. வாய்ப்பாடு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, வாய்ப்பாடு தெரியாமல் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும் என்று நினைத்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

விகிதத்தில் இதைவிடப் பெரிய குழப்பம். ஒரு நாள் அவள் அப்பா கூட்டிப்போக வந்தவர், மழை விடட்டும் என்று வாசலில் நின்றார். நான் அவளிடம், "பூச்சு வேலைக்கு ஒன்றுக்கு நாலு கலவை, அதுல சிமெண்ட் எத்தனை பங்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "கால் பங்கு" என்றாள். ஏழாம் வகுப்பில் பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அவள் அப்பா அங்கிருந்தே, "ஏம்மா, ஒரு பாண்டு சிமெண்டு, நாலு பாண்டு மணல். கொட்டினா மொத்தம் அஞ்சு பாண்டுல்ல? அஞ்சுல ஒண்ணுதாம்மா சிமெண்டு" என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்தப் பிள்ளை அப்பாவை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அடுத்து, சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்றால் எப்படி என்று கேட்டேன். ஏழில் ஒன்று, ஏழில் இரண்டு, ஏழில் நாலு என்று அவளே போட்டுவிட்டு, மூன்றையும் கூட்டி ஒன்று வருகிறதா என்றும் சரிபார்த்தாள். (இன்ஜினியர்கள் கோபிக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் கலவையின் கன அளவு குறையும் என்பது எனக்கும் தெரியும். பாண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கைக்கு உதவாது என்று இதே கேள்விக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவருக்காக என் வீட்டுச் சங்கதி ஒன்று. டியூஷன் நடக்கிறது என்பதற்காக எங்கள் வீட்டு ஓனர் கரண்ட்டுக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். ஒரு டியூப்லைட் 40 வாட், ஒரு ஃபேன் 75 வாட், தினமும் இரண்டு மணி நேரம். 115 வாட்டை இரண்டால் பெருக்கினால் 230. ஆயிரம் வந்தால்தான் ஒரு யூனிட், ஆக இது கால் யூனிட்டுக்கும் குறைவு. முப்பது நாளும் நடத்தினால்கூட ஏழு யூனிட் வராது. அவர் வாங்குகிற யூனிட்டுக்கு 9 ரூபாய்க் கணக்கிலேயே 63 ரூபாயைத் தாண்டாது. தாளில் எழுதிக் காட்டினேன். "பொம்பளைங்க கணக்குப் பேசினா வீடு விளங்காது" என்றார். இன்னமும் 500 கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்னத்துக்கு அடுத்த இடறல் குறை எண். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அதைக் கூட்டலுக்கும் போட்டு, (−3) + (−2) = 5 என்று எழுதுகிறது. நான் அந்த வரியைச் சொல்வதே இல்லை. −3-ஐ 2-ஆல் பெருக்கு, −6. 1-ஆல் பெருக்கு, −3. 0-ஆல் பெருக்கு, 0. ஒவ்வொரு வரிக்கும் மூன்று மூன்றாக ஏறுகிறதா? அப்படியானால் −1-ஆல் பெருக்கினால் என்ன வர வேண்டும்? மூன்று என்று பிள்ளையே சொல்லிவிடும். குறை எண்ணைக் கடனாகவும் மிகை எண்ணைச் சொத்தாகவும் வைத்து இந்த விதிகளை பிரம்மகுப்தர் 628-லேயே எழுதிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு பல நூறு ஆண்டுகள் ஐரோப்பியக் கணித அறிஞர்களே குறை எண்ணை ஏற்கத் தயங்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாலு நாள் தயங்குவதில் என்ன குற்றம்?

மூன்றாவது, சமக்குறி. 8 + 4 = ___ + 5 என்று எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். விடை 7, ஆனால் பல பிள்ளைகள் 12 என்று எழுதுவார்கள். ஐந்து வருஷமாக அவர்களுக்குச் சமக்குறி என்றால் 'இதற்குப் பிறகு விடை எழுது' என்பதுதான். இரண்டு பக்கமும் சமம் என்பது மனதில் இல்லாத பிள்ளையிடம் 2x + 3 = 11 கொடுத்தால், 'அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகும்' என்பதை மந்திரம் போல ஒப்பிக்கும், ஏன் என்று தெரியாது.

இந்த ஓட்டைகள் எட்டாம் வகுப்பு வரை வெளியே தெரியாது, ஏனென்றால் நம் மாநிலத்தில் அதுவரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அது சரியான ஏற்பாடு என்பதே என் கருத்து. 2019-ல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று சொல்லிப் பிறகு 2020-ல் ரத்து செய்தார்களே, அன்றைக்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி. ஃபெயில் போட்டால் அந்தக் கொத்தனார் மகள் மாதிரிப் பிள்ளைகள்தான் முதலில் படிப்பை விடுவார்கள். ஆனால் பெற்றோர் 'பாஸ்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கொத்தனார் மகள் இப்போது எட்டாம் வகுப்பு, என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறாள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அந்த வீட்டுக்கு அது பெரிய பணம். 180 கேள்விகளில் கணக்குப் பாடத்துக்கு என்று 20 கேள்விகள்தான், ஆனால் மனத்திறன் பகுதியிலும் எண் தொடர், விகிதம் என்று கணக்கு வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் மகளுக்கு ஏழாம் வகுப்புக் கைடு எதுவும் வாங்கிவிடாதீர்கள். ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும். 1/2 + 1/3, ஒன்றுக்கு நாலு கலவையில் சிமெண்ட் எத்தனை பங்கு, 8 + 4 = ___ + 5, இந்த மூன்றையும் இன்று இரவு திட்டாமல் கேளுங்கள். முதல் கேள்வியில் 2/5 வந்தால் ஏழாம் வகுப்புப் பாடத்தை ஒரு மாதம் ஓரமாக வைத்துவிட்டு, ஆறாம் வகுப்புப் பின்னத்திலிருந்து தொடங்குங்கள். அந்த மாதம் பள்ளியில் மார்க் இன்னும் குறையலாம், குறைந்தால் குறையட்டும். மூன்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள் என்றால் பிரச்சினை கணக்கில் இல்லை, வகுப்பில் வேறு ஏதோ நடக்கிறது. அப்போது அவளிடம் உட்கார்ந்து பேச வேண்டியது நீங்கள்தான். அவள் என்ன எழுதினாள் என்று இங்கே போடுங்கள், அதைப் பார்த்து அடுத்து எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன்.