650 வாட் சப்ளை போட்டால் கரண்ட் பில் ஏறுமா?

பெங்களூரு மாரத்தஹள்ளி வீட்டில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் 450 வாட் பவர் சப்ளைக்குப் பதிலாக 650 வாட் போட்டால் பில் எகிறுமா, ஷட்டவுன் செய்த பிறகும் மவுஸ் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பில் ஏறாது, தைரியமாகப் போடுங்கள். 650 என்பது அதனால் தர முடிந்த உச்சம், அவ்வளவுதான். உங்கள் பாகங்கள் 300 வாட் கேட்டால் 300தான் தரும். சப்ளை மின்சாரத்தை மாற்றித் தரும் திறன் 85 சதவீதம் என்றால் சுவரிலிருந்து சுமார் 353 வாட் இழுக்கும். மிச்சம் சூடாகப் போய்விடும். எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது மொத்த வாட்டை மட்டும் பார்க்காமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று கட்டாயம் பாருங்கள். 50 ஆம்பியர் என்றால் 600 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக அதிலிருந்துதான் எடுக்கின்றன.

அப்புறம் மவுஸ் விளக்கு. ஷட்டவுன் ஆனாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனைத் தொட்டதும் மெஷின் எழுவது அதனால்தான். நாள் முழுக்க 5 வாட் போனாலும் மாதத்துக்கு 3.6 யூனிட். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) ஈஆர்பி (ErP) என்ற மின்சேமிப்பு வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். கீபோர்டால் எழுப்பும் வசதியும் கூடவே போகலாம். ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.